மதகை ஒரேயடியாகத் தூக்கியபோது

தோட்டை அடகு வைத்து மூச்சுவிடக் கற்றுக்கொள்ளப் போனவள் நான். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் இப்போது வருகிறது. 2023 மார்ச்சில் அந்த நிலையில் நான் இல்லை. ஒரத்தநாட்டுக்கும் பட்டுக்கோட்டைக்கும் இடையில், கல்லணைக் கால்வாயை ஒட்டிய ஒரு கிராமத்துக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். ஊரார் நகைக்கெல்லாம் ரசீது போட்டுப் பழகிய கை என்னுடையது. அன்று என்னுடைய ஒரு பவுன் தோட்டைக் கூட வேலை பார்க்கும் அண்ணன் தராசில் வைத்தார். "என்ன செலவும்மா?" என்றார். "வைத்தியத்துக்கு அண்ணே" என்றேன். என்ன வைத்தியம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே கொஞ்சம் யோசித்திருப்பேனோ என்னவோ. துக்கத்தை மூச்சால் வெளியேற்றலாம் என்று நடத்தும் முகாம்களைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். ரூபாய்க் கணக்கும் உண்டு, நான் கணக்கு எழுதுகிறவள்.

அம்மா 2021 மே மாதம் போனாள். இரண்டாவது அலை, முழு ஊரடங்கு. மருத்துவமனைக்குள் போன ஆறாம் நாள் தகவல் வந்தது. உடலைச் சுற்றிக் கட்டிவிட்டார்கள், முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் கையில் கொடுத்தது ஒரு பிளாஸ்டிக் பை. அதில் அவளுடைய கைப்பேசி, மூக்குக் கண்ணாடி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பாதி பிஸ்கட் பொட்டலம். மீதிப் பாதியை எப்போது தின்றிருப்பாள் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். எங்கள் பக்கம் சாவு விழுந்தால் தெருமுனையிலேயே சத்தம் கேட்கும். தலைவிரித்து வரும் பெண்கள் வாசலில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழுவார்கள். பறை இருக்கும், பதினாறாம் நாள் இருக்கும். அம்மாவுக்கு எதுவும் இல்லை. அப்பாவுக்கும் காய்ச்சல், தனி அறை. கதவுக்கு வெளியே கஞ்சியை வைத்துவிட்டு நகர்ந்துகொள்ள வேண்டும். அழ நேரமில்லை என்று நினைத்தேன். பிறகு நேரம் வந்தது, அழுகை வரவில்லை.

எட்டு மாதம் கழித்துத் தொண்டை பிடித்துக்கொண்டது. விழுங்கினால் சோறு இறங்கும், தண்ணீர் இறங்கும், ஆனால் நெல்லிக்காய் அளவு ஏதோ ஒன்று குரல்வளைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். மாலை நான்கு மணிக்கு மேல் நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்த மாதிரி அழுத்தும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குழாய் விட்டுப் பார்த்ததில் 4,300 ரூபாய். இசிஜி, தைராய்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் 1,850. எல்லாம் நார்மல். இந்தப் பணத்தை நான் நஷ்டத்தில் எழுதவில்லை. நெஞ்சு அழுத்துகிறது, மூச்சு முட்டுகிறது என்றால் முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும். "மனசுதான் காரணம்" என்று நாமே தீர்ப்பு எழுதிக்கொள்வது ஆபத்து. என் தவறு அங்கே இல்லை. நார்மல் என்று தாளைக் கொடுத்த மருத்துவரிடம் "அப்படியானால் அடுத்து யாரைப் பார்க்க?" என்று கேட்காமல் எழுந்து வந்தேனே, அதுதான்.

அந்த இடைவெளியில்தான் முகாம் வந்தது. சொந்தக்காரப் பெண் ஒருத்தி கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினாள். அழாத அழுகை உடம்பில் தேங்கி நிற்கிறது, தொண்டையிலும் இடுப்பிலும் தோள்பட்டையிலும் அது சேர்ந்திருக்கிறது, மூச்சால் அதை வெளியேற்றலாம் என்றார் அதில் பேசியவர். எனக்காகவே பேசியது போல் இருந்தது. எங்கள் வீட்டில் பழைய பத்தாயம் ஒன்று உண்டு. மேலே நெல்லைக் கொட்டி, கீழே சின்னக் கதவைத் தூக்கினால் சரசரவென்று சரியும். என் தொண்டையும் அப்படியொரு கதவு, யாராவது தூக்கிவிட்டால் போதும் என்று நம்பினேன். மூன்று நாள், சாப்பாட்டோடு 7,500 ரூபாய். திருவையாறு பக்கம் ஆற்றங்கரைத் தென்னந்தோப்பு. பிப்ரவரி தொடக்கத்தில் பருவம் தவறிப் பெய்த மழையில் சம்பா நெல் நனைந்து, கொள்முதல் நிலைய வாசல்களில் விவசாயிகள் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த வாரம் அது. சங்கத்தில் தலைக்குமேல் வேலை. பொய்க் காரணம் எழுதி விடுப்பு எடுத்தேன்.

முதல் நாள் நல்லபடியாகப் போனது, அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. மண்ணில் வெறுங்காலோடு நடந்தோம், தோளைத் தளர்த்தினோம், நன்றாகத் தூங்கினேன். இரண்டாம் நாள் மாலை முப்பது பேரைப் பாயில் வரிசையாகப் படுக்க வைத்துக் கண்ணைக் கட்டினார்கள். வாயால் வேகமாக இழுத்து, இடைவெளியே இல்லாமல் விட வேண்டும். மேளச் சத்தம் ஒலிபெருக்கியில் ஏறிக்கொண்டே போகும். ஐந்து நிமிடத்தில் உதடு மரத்தது. பத்து நிமிடத்தில் விரல்கள் தானாகக் கூம்பின. கட்டைவிரல் உள்ளே மடங்கி, மற்ற நான்கும் விறைத்து, இரண்டு கையும் வாழைப்பூ நுனி மாதிரி ஆகிவிட்டன. பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. பயத்தில் "ஐயா, கை இழுக்கிறது" என்று கத்தினேன். முகாம் நடத்தியவர் வந்து குனிந்து, "சகோதரி, அதுதான் தேங்கிக் கிடந்த துக்கம். விடுங்கள், அம்மாவை விடுங்கள். இன்னும் வேகமாக" என்றார். காறை எலும்புக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். பக்கத்துப் பாயில் ஒரு பெரியவர் யாரையோ பெயர் சொல்லி அலறினார். நான் உடைந்தேன். அழுகை என்றால் அழுகை, வயிறு குலுங்க. முடிந்ததும் ஒரு குவளை இளநீர் கொடுத்தார்கள். உடம்பு இறகு போல் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு நாள் தொண்டையில் அந்த நெல்லிக்காய் இல்லை.

கை ஏன் அப்படி ஆனது என்பதைப் பிறகு ஒரு மருத்துவர் எனக்கு விளக்கினார். தேவைக்கு மேல் வேகமாக மூச்சுவிட்டால் ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு குறைந்துபோகிறது. ரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது. அதனால் ரத்தத்தில் கட்டற்று இருக்கும் கால்சியம் குறைகிறது, நரம்புகள் தாமாகத் துடிக்கின்றன, உதடு மரக்கிறது, விரல்கள் இழுத்துக்கொள்கின்றன. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் தலை மிதக்கிறது, கனவு போல் இருக்கிறது. அந்த நிலையில் பழைய நினைவு பொங்கி அழுகை வருவது உண்மைதான். ஆனால் விரல் இழுத்தது துக்கம் வெளியேறியதால் அல்ல. துக்கமே இல்லாத ஒருவரை அப்படி மூச்சுவிடச் சொன்னாலும் விரல் இழுக்கும். வலிப்பு உள்ளவர்கள், இதய நோயும் கட்டுப்படாத ரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கண் அழுத்த நோய் உள்ளவர்கள், மனச்சிதைவோ இருதுருவ (பைபோலார்) நோயோ வந்தவர்கள் இந்த வேக மூச்சின் பக்கமே போகக் கூடாது. முகாமில் பெயரும் கைப்பேசி எண்ணும் மட்டுமே எழுதி வாங்கினார்கள். அலறிய பெரியவர் ரத்தக் கொதிப்பு மாத்திரை போடுகிறவர். "மூன்று நாளைக்கு வேண்டாமே, அது உணர்ச்சியை அமுக்கும்" என்று அவரிடம் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அந்த ஒரு வார்த்தைக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது நம் சித்தர்கள் தந்த கலை என்று மூன்று நாளும் சொன்னார்கள். மேளத்தோடு படுத்துக்கொண்டு வேகமாக மூச்சுவிடும் இந்த முறையை 1970-களில் உருவாக்கியவர் செக் நாட்டில் பிறந்த மனநல மருத்துவர் ஸ்டானிஸ்லாவ் கிராஃப், அவருடைய மனைவி கிறிஸ்டினாவோடு சேர்ந்து. மனமயக்கம் தரும் எல்எஸ்டி மருந்தை வைத்துச் செய்துவந்த ஆராய்ச்சிக்கு வழி அடைபட்ட பிறகு மூச்சுப் பக்கம் வந்தவர் அவர். அயல்நாட்டு முறை என்பதால் தப்பில்லை, காவி பூசி விற்பதுதான் தப்பு. திருமூலர் இருந்ததாகச் சொல்லும் திருவாவடுதுறை நம் டெல்டாவில்தானே இருக்கிறது? அவர் சொன்ன கணக்கு இழுக்க 16, நிறுத்த 64, விட 32. அந்த 64-ஐ யாரும் வீட்டில் முயல வேண்டாம், அது குருவோடு வருஷக்கணக்கில் பழகுகிறவர்களுக்கு. ஆனால் இழுப்பதைப் போல் இரண்டு மடங்கு விடுவதற்கு என்பதைக் கவனியுங்கள். முகாமில் செய்தது அதற்கு நேர் எதிர்.

மூன்றாம் நாள் தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஒரத்தநாடு தாண்டவில்லை. காரணமே இல்லாமல் இதயம் அடித்துக்கொண்டது, கை மறுபடி மரத்தது, செத்துப்போகப் போகிறேன் என்று உறுதியாகத் தோன்றியது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிப் புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். பூக்காரம்மா ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்து, "யாரைக் கூப்பிட?" என்று கேட்டார். அம்மா எண்ணைச் சொல்லிவிட்டேன். அந்தக் கைப்பேசி எங்கள் வீட்டு அலமாரியில் அணைந்து கிடக்கிறது. அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இதுவே நடந்தது. தூக்கத்தில் மேளச் சத்தம் கேட்டு விழிப்பேன். முகாம்காரரைக் கூப்பிட்டால், "நல்ல அறிகுறி சகோதரி. குளத்தைக் கலக்கினால் சேறு மேலே வரத்தான் செய்யும். தனியாகப் பத்து அமர்வு உடல்வழிச் சிகிச்சை எடுங்கள்" என்றார். நன்றாக இருந்தால் முறை வேலை செய்கிறது, மோசமானால் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. எங்கள் சங்கத்தில் இப்படி ஒரு பேரேடு எழுதினால் தணிக்கைக்காரர் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். ஆனால் பயந்துபோன மூளைக்குக் கணக்கு ஓடாது. தோடு போனது அப்போதுதான். 20,000 ரூபாய், மொத்தமும் முன்பணம், ரசீது இல்லை. ரசீது எழுதிப் பிழைக்கிறவள் ரசீது கேட்கவில்லை!

அந்த அமர்வுகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மூடிய அறை, ஒரே ஒரு ஆண், விலா எலும்புக்குக் கீழே விரல் நுழைகிற அளவுக்கு அழுத்தம். எங்கே தொடப்போகிறார் என்று முன்னால் சொல்ல மாட்டார். "வலிக்கிறது" என்றால் "எதிர்க்காதீர்கள்" என்பார். அவர் தப்பான எண்ணத்தோடு தொட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. என் உடம்பு வேண்டாம் என்று சொன்னதை என்னைக்கொண்டே மறுக்க வைத்தார், அவ்வளவுதான், அதுவே போதும். நான்காவது முறை வீட்டுக்கு வந்து பார்த்தபோது விலாவில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குக் கன்றியிருந்தது. போவதை நிறுத்தினேன். மீதி ஆறு அமர்வுக்கான 12,000 ரூபாயைக் கேட்டேன். இன்றுவரை வரவில்லை.

மே மாதம் ஒரு இரவு இரண்டு மணிக்கு 14416-க்கு அழைத்தேன். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய இலவச மனநல உதவி எண். சங்கத்துச் சுவரொட்டி ஒன்றில் பார்த்த ஞாபகம். தமிழிலேயே பேசினார்கள். அந்தப் பக்கம் இருந்த பெண் என்னை எதையும் விடச் சொல்லவில்லை. "இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்? கால் தரையில் படுகிறதா? தரை சூடாக இருக்கிறதா, சில்லென்று இருக்கிறதா?" என்று கேட்டார். சிமெண்டுத் தரை, சில்லென்று இருந்தது. அதைச் சொல்லச் சொல்லவே மூச்சு இறங்கியது. அவர் சொல்லித்தான் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். பஸ்ஸில் எனக்கு வந்ததற்கு மருத்துவர் பேனிக் அட்டாக் என்று பெயர் சொன்னார். சில மாதங்களுக்கு ஒரு மாத்திரை கொடுத்தார், பிறகு அவரே படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். செலவு பஸ் கட்டணம் மட்டும்தான். காகிதப் பைக்குள் மூச்சுவிடலாமா என்று கேட்டேன், யாரோ சொல்லியிருந்தார்கள். வேண்டாம் என்றார். உண்மையில் இதயக் கோளாறாக இருந்தால் அது கேடாகிவிடுமாம்.

அங்கிருந்து ஒரு மருத்துவ உளவியலாளரிடம் அனுப்பினார்கள். அவரும் உடம்பை வைத்துத்தான் வேலை செய்தார் என்பதுதான் வேடிக்கை. ஆனால் தொடவே இல்லை. "தொண்டை இறுக்கம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது?" என்பார். அரை நிமிடம் அதைக் கவனிப்பேன். உடனே "சன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது?" என்பார். வேப்பமரம், ஒரு அணில். மறுபடி தொண்டை. மறுபடி வேப்பமரம். பீட்டர் லெவின் என்ற அமெரிக்கர் வகுத்த முறையில் இதுதான் அடிப்படையாம், சொட்டுச் சொட்டாகத் தொட்டுவிட்டுத் திரும்புவது. உணர்ச்சி நெல் மாதிரி எங்கேயோ குவிந்து கிடக்கவில்லை, அழக்கூடாது என்று தொண்டைத் தசைகளை இறுக்கிப் பிடித்துப் பழகிவிட்டீர்கள், பழக்கத்தை மெதுவாகத்தான் மாற்ற வேண்டும் என்றார். என் பத்தாயம் அன்றோடு போனது.

இதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா லஸ்கராக, அதாவது வாய்க்கால் மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியராக, இருந்து ஓய்வு பெற்றவர், 1934-ல் மேட்டூர் அணையோடு வந்த, புது ஆறு என்று நாங்கள் சொல்லும் கல்லணைக் கால்வாயின் மதகுகளில் முப்பது வருடம் ஷட்டர் சுற்றியவர். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, கல்லணை வழியாகத் தண்ணீர் வந்து சேரும் நாளில் அவர் வீட்டில் இருந்ததே இல்லை. "முதல் தண்ணீருக்கு ஷட்டரை நாலு விரல்கடைதான் தூக்குவேன். தூக்கிவிட்டுக் கரையோடு நடந்து போய்ப் பார்ப்பேன், எங்கேயாவது கசிகிறதா, எலிவளை இருக்கிறதா என்று. அப்புறம் இன்னும் நாலு விரல்கடை. ஒரே மூச்சில் தூக்கினால் தண்ணீர் வயலுக்கா போகும்? கரைதான் போகும்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவளுக்கு நான் ஒரு கைப்பிடி வாய்க்கரிசி போடவில்லையே" என்றார். இரண்டு வருடத்தில் அம்மாவைப் பற்றி அவர் பேசிய முதல் வார்த்தை அது.

வீட்டில் நான் செய்வது இவ்வளவுதான். மூக்கால் நான்கு எண்ணி இழுத்து, எட்டு எண்ணி விடுகிறேன். எட்டு வரவில்லை என்றால் ஆறு. நடுவில் நிறுத்துவது கிடையாது. ஐந்து நிமிடம், மாலை நான்கு மணிக்கு, கண்ணைத் திறந்துகொண்டே. தலை சுற்றினால் அல்லது உதடு மரத்தால் விட்டுவிட்டுச் சாதாரணமாக மூச்சுவிடுவேன். வெளிமூச்சு நீண்டால் இதயத் துடிப்பு தணிகிறது, அதற்கு மேல் அதில் மாயம் எதுவும் இல்லை. பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது மூச்சைக் கவனித்தால் சிலருக்குப் பதற்றம் கூடும், எனக்கும் கூடியது. அப்போது பாதத்தைத் தரையில் அழுத்துவதும் குழாய்த் தண்ணீரில் கையை நனைப்பதும்தான் உதவின.

அழுகை வந்த கதை வேறு. குறுவை அறுப்பு நேரம், எங்கள் தெருக்கோடியில் ஒரு பாட்டி இறந்தார். வயதான சாவு, எனக்கு நெருங்கிய உறவும் இல்லை. மாலையைப் போட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று போனேன். வாசலில் பெண்கள் வட்டம். பெரியம்மா ஒருத்தி என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள். உட்கார்ந்தேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அந்தப் பாட்டியை விட்டுவிட்டு, என் அம்மாவின் பெயரைச் சொல்லி ராகம் போட்டு அழத் தொடங்கினாள். "உன் மகள் வந்திருக்கிறாள், எழுந்து பாரேன்" என்கிற மாதிரி. ஒப்பாரி வட்டத்தில் எல்லாரும் அவரவர் சாவுக்குத்தான் அழுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும், ஆனால் எனக்கென்று ஒரு முறை வரும் என்று நினைக்கவில்லை. தொண்டை திறந்தது. அவளுடைய வெற்றிலை வாசம், தோளில் ஈரம், முன்னும் பின்னும் ஆடும் உடம்பு. என் மூச்சு அவள் ராகத்தோடு நீண்டு நீண்டு இறங்கியது. நடுவில் யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேன். மறுபடி அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, யார் வீட்டில் அறுப்பு முடிந்தது என்று பேசிக்கொண்டிருந்தோம். இரவு பேனிக் அட்டாக் வரவில்லை. எல்லாருக்கும் இது சரிப்படும் என்று சொல்ல மாட்டேன், நான்கு மாதச் சிகிச்சைக்குப் பிறகு நடந்தது இது. தொண்டை அப்போதும் முழுதாகச் சரியாகவில்லை, அம்மாவின் திதி நெருங்கினால் இப்போதும் நெல்லிக்காய் எட்டிப் பார்க்கும்.

போன மாதம் நாத்தனார் வந்து, அவள் கொழுந்தன் இதே மாதிரி ஒரு முகாமுக்குப் போகப்போவதாகச் சொன்னாள். கடை நொடித்துப்போன பிறகு அவன் யாரோடும் பேசுவதில்லை. போகாதே என்றால் கேட்கிற வயதில்லை. சங்கத்துப் பழைய ரசீதுத் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்: என்ன நோய், என்ன மாத்திரை என்று கேட்டு எழுதி வாங்குவார்களா? பாதியில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்களா? எத்தனை பேருக்கு எத்தனை உதவியாளர்? தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்பார்களா? சுவரில் மாட்டியிருக்கிற சான்றிதழ் எத்தனை நாள் பயிற்சிக்கு? மருத்துவ உளவியலாளர் என்று சொன்னால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் என்ன? வீட்டுக்குப் போன பிறகு நள்ளிரவில் ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது? பணத்துக்கு ரசீது உண்டா? அவன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். சாயங்காலம் நாத்தனார் கூப்பிட்டாள். மூன்றாவது கேள்வியிலேயே "நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இங்கே இடமில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். போக வர பஸ்ஸுக்கு 90 ரூபாய் வீணாய்ப் போயிற்றே என்று கொழுந்தன் சலித்துக்கொண்டானாம்.